தோண்டாமல் கிடைக்கும் எண்ணெய்

இந்தியா வெளிநாட்டு எண்ணெயை நம்பியிருப்பதைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், ஏதேனும் ஒரு திட்டத்தின் வழியாகக் கடலூர் மாவட்டத்தின் பெயரும் அதில் வந்து சேர்ந்துவிடுகிறது. பழுப்பு நிலக்கரிக்காக நெய்வேலியைச் சுற்றி ஊர் ஊராக நிலம் எடுக்கப்பட்டது இங்கேதான். கடலூருக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிப் பெரியகுப்பத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு அடித்தளம் போட்டதும் இங்கேதான். 2018இல் எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பதற்கான ஹைட்ரோகார்பன் தொகுதிகள் நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டபோது எங்கள் கரைக்கு எதிரே உள்ள கடலும் அந்த வரைபடத்துக்குள் இருந்தது. நாட்டின் எரிபொருள் தேவைக்காக நிலத்தையும் நீரையும் கடலையும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்; அப்படிக் கேட்கப்படும் ஒரு மாவட்டத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன். தேவையையே குறைப்பதற்கு உள்ள வழிகளை முழுமையாகப் பயன்படுத்திய பிறகே புதிதாகத் தோண்டுவதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் நிலைமையின் அளவைப் பார்த்துவிடலாம். 2023-24ஆம் நிதியாண்டில் இந்தியா பயன்படுத்திய பெட்ரோலியப் பொருள்கள் 23 கோடி டன்னுக்கு மேல். அதே ஆண்டில் நம் நாட்டு நிலத்திலிருந்தும் கடலிலிருந்தும் எடுத்த கச்சா எண்ணெய் 3 கோடி டன்னைக்கூட எட்டவில்லை. நமக்குத் தேவையான எண்ணெயில் ஏறத்தாழ எட்டில் ஏழு பங்கு கப்பலேறித்தான் வருகிறது. எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1974இல் மும்பைக்கு அப்பால் கடலில் எண்ணெய் கண்டறியப்பட்டு, 1980களின் நடுவில் நம் தேவையில் மூன்றில் இரண்டு பங்கை உள்நாட்டு எண்ணெயே நிறைவு செய்த காலம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு உற்பத்தி பெரிதாக உயரவில்லை. வண்டிகளின் எண்ணிக்கையோ நின்று மூச்சுவிடாமல் ஏறியது.

இந்தச் சார்பு நம்மை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு வரலாறு இரண்டு முறை சான்று காட்டியிருக்கிறது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது எண்ணெய் விலை மீண்டும் எகிறியது. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த நம் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. மறு ஆண்டு 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் நாடுகளின் மைய வங்கிகளில் அடகு வைத்து நாடு தன் கடன் தவணையைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. பொருளாதாரப் பாடநூல்களில் இது ஒரு பத்தியில் முடிந்துவிடும். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் போன்ற ஊர்களிலோ அது வீட்டுக்குள் நுழைந்த செய்தி. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் நடக்கும் குடும்பங்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம். குவைத்திலிருந்து ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் விமானங்களில் அழைத்துவரப்பட்ட அந்த மாதங்களில், எண்ணெயை வாங்கச் செலவாகும் டாலர் கூடியது. உழைத்து அனுப்பிய டாலர் நின்றது. எண்ணெயும் வருமானமும் ஒரே கடல்வழியை நம்பியிருக்கும்போது, அங்கே மூளும் எந்தச் சண்டையும் இங்கே இரண்டு பக்கமும் அடிக்கிறது.

இதற்கு அரசுகள் எப்போதும் கண்டுபிடிக்கும் விடை, உள்ளூரில் இன்னும் தோண்டு, இன்னும் கட்டு என்பதாகவே இருக்கிறது. அந்த விடையை மறுப்பதற்கு முன் அதை நேர்மையாகப் பரிசீலிக்க வேண்டும். நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டதில் தொடங்கி, 1956இல் நிறுவனம் அமைந்து, 1960களிலிருந்து தமிழ்நாட்டுக்கு மின்சாரம் தந்துவரும் சுரங்கம் அது. அதனால் தொழில்கள் வளர்ந்தன, வீடுகளில் விளக்கு எரிந்தது. இதை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆனால் ஒரு டன் பழுப்பு நிலக்கரியை எடுக்க ஐந்து கனமீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டும். அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர் சுரங்கத்துக்குள் பீறிடாமல் இருக்க, எடுக்கும் கரியைப் போலப் பன்மடங்கு எடையுள்ள நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடிக்கும் நிலையில் இருந்த நெற்பயிருக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை மின்கட்டண அட்டையில் எழுதியிருப்பதோடு முடிவதில்லை என்பதைப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

பெரியகுப்பத்து ஆலையின் கதை இன்னும் தெளிவானது. ஆண்டுக்கு 60 லட்சம் டன் சுத்திகரிக்கும் திறனோடு நாகார்ஜுனா நிறுவனம் கட்டிக்கொண்டிருந்த அந்த ஆலை, 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் பெரும் சேதமடைந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஒருவேளை அது திட்டமிட்டபடி இயங்கியிருந்தாலும், கப்பலில் வரும் கச்சா எண்ணெயைத்தான் காய்ச்சியிருக்கும். ஆலை உள்ளூரில் இருக்கும், எண்ணெய் வெளியூரிலிருந்தே வரும் என்றால் சார்பு எங்கே குறைகிறது? ஹைட்ரோகார்பனைப் பொறுத்தவரை, 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டத்தில் காட்டுமன்னார்கோயில், பரங்கிப்பேட்டை உள்ளிட்ட எங்கள் மாவட்டத்து ஒன்றியங்கள் சிலவும் இடம்பெற்றதை நான் மனமார வரவேற்கிறேன். நாடு முழுவதும் எடுக்கும் எண்ணெயே தேவையில் எட்டில் ஒரு பங்குதான் எனும்போது, டெல்டா வயலைத் துளைத்து எடுக்கும் சிறு அளவு எந்தக் கணக்கையும் மாற்றப்போவதில்லை.

ஆகவே, எங்கே எவ்வளவு எரிகிறது, அதில் எவ்வளவு வீணாகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் மிகத் துல்லியமாக விடை சொல்லக்கூடியவர்கள் மீனவர்கள். முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவரை அப்பா காலத்திலிருந்து எனக்குத் தெரியும். ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை நீளும் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் ஆட்களை வைத்துச் சுரண்டிக்கொண்டிருப்பார். படகின் அடியில் விரல் வைத்துக் காட்டினார். சுரண்டிய இடம் வழவழவென்று இருந்தது, சுரண்டாத இடம் உளியால் கொத்திய அம்மிபோல இருந்தது. அந்தச் சொரசொரப்பை இழுத்துக்கொண்டு போவதற்கே இன்ஜினின் உழைப்பில் கணிசமான பங்கு போய்விடும் என்றார். டீசல் டேங்குக்குள் விடுவதற்கென்று அளவு குறித்த மூங்கில் குச்சி ஒன்றை வைத்திருக்கிறார். புறப்படும்போதும் திரும்பும்போதும் அதை விட்டுப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது அவருடைய வழக்கம்.

“முழு ரேஸ்ல போனா அரை மணி முன்னாடி போய்ச் சேருவோம், தம்பி. அந்த அரை மணிக்கு எவ்ளோ டீசல் போவுதுன்னு குச்சிய விட்டுப் பார்த்தாதான் தெரியும்” என்றார்.

அவர் குச்சியால் கண்டதை இயற்பியலும் சொல்கிறது. நீரைக் கிழித்துச் செல்லும் படகுக்கு வேகம் கூடக்கூடத் தேவைப்படும் ஆற்றல், ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது; வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்காகும். அதனால் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே அதே தூரத்துக்கான டீசலில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மிச்சமாகும். இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம், மானியமும் வேண்டாம். மீன் இருக்கும் இடத்தைத் தேடி அலையும் நேரத்தைக் குறைப்பதற்கும் வழி உண்டு. கடல் பரப்பின் வெப்பத்தையும் நுண்பாசியின் நிறத்தையும் செயற்கைக்கோளால் பார்த்து, மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் தொடர்ந்து அறிவித்துவருகிறது. அந்த அறிவிப்பு உரிய நேரத்தில் தமிழில் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தால் எரியாமல் நிற்கும் டீசல் கொஞ்சநஞ்சம் அல்ல.

இந்த மிச்சம் யாருக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். படகுத் தொழிலில் மீன் விற்ற பணத்திலிருந்து டீசல், ஐஸ், சாப்பாடு ஆகிய செலவுகளைக் கழித்துவிட்டு, மீதியைத்தான் படகுக்காரருக்கும் தொழிலாளிகளுக்கும் பங்கு பிரிக்கிறார்கள். செலவில் பெரும்பகுதி டீசல். ஆகவே வீணாகும் ஒவ்வொரு லிட்டரும் வலை இழுத்தவரின் பங்கிலிருந்து போகிறது. மீனவர்களுக்கு விற்பனை வரி விலக்கோடு டீசல் தருவது நியாயமான உதவி. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த உதவியோடு, தேய்ந்துபோன பழைய இன்ஜினை மாற்றுவதற்கும், படகின் எடைக்கும் இன்ஜினுக்கும் பொருந்தாத, நீரைத் தள்ளும் விசிறியை மாற்றுவதற்கும், தடைக்காலத்தில் அடிப்பகுதியைச் சுத்தம் செய்து வண்ணம் பூசுவதற்கும் நிதி கிடைத்தால், மலிவாக எரிக்க உதவுவதோடு குறைவாக எரிக்கவும் உதவியதாகும்.

கடலிலிருந்து சாலைக்கு வருவோம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடையில் மாநில எல்லை முடிந்து, கன்னியக்கோயிலில் புதுச்சேரிப் பகுதியின் பெட்ரோல் பங்குகள் தொடங்கிவிடும். அங்கே வரி குறைவு. லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு. அந்த வழியாக வேலைக்குப் போகிறவர் அங்கே நிறுத்திப் போட்டுக்கொள்வது இயல்பு. ஆனால் பெட்ரோல் போடுவதற்காகவே கடலூரிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. லிட்டருக்கு 6 ரூபாய் குறைவு என்றே வைத்துக்கொள்வோம்; 5 லிட்டர் போட்டால் 30 ரூபாய் மிச்சம். போக 10, வர 10 என்று 20 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டியில் 0.4 லிட்டர் செலவு. லிட்டர் 100 ரூபாய்க் கணக்கில் அது 40 ரூபாய். குடும்பத்துக்கும் நட்டம், நாட்டுக்கும் நட்டம். விலையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். அளவைப் பற்றிக் கவலைப்படும் பழக்கம் இன்னும் நமக்கு வரவில்லை.

அதே 25 கிலோமீட்டருக்கு இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் பேருந்து இந்தத் தூரத்துக்கு 5 லிட்டர் டீசல் எடுக்கும். 50 பேர் ஏறியிருந்தால் ஆளுக்கு 100 மில்லி. மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகிறவருக்கு அரை லிட்டர் ஆகிறது. காரில் தனியாகப் போகிறவர் ஒன்றரை லிட்டர் வரை எரிக்கிறார். நாட்டில் விற்கும் பெட்ரோலில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் இரு சக்கர வாகனங்களுக்கே போகிறது என்று 2014இல் வெளியான அரசு ஆய்வு காட்டியது. ஆகவே பெட்ரோல் இறக்குமதியைக் குறைப்பது என்றால், பணக்காரர்களின் பெரிய கார்களைத் திட்டுவதோடு நிறுத்திவிட முடியாது. கடலூரிலிருந்து புதுச்சேரியின் மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் தினமும் போய்வரும் சாதாரண மனிதர்கள் ஏன் பேருந்தை விட்டு வண்டிக்கு மாறினார்கள் என்று கேட்க வேண்டும். நான் கேட்டவரையில் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: காலையில் பேருந்தில் ஏற முடிவதில்லை, இரவில் பேருந்து எப்போது வரும் என்று தெரிவதில்லை.

புதுச்சேரிக்குள் நிலைமை இன்னும் மனத்தை வருத்துவது. சமதளமான, கோடு போட்டாற்போன்ற தெருக்களைக் கொண்ட அந்த ஊர் ஒரு காலத்தில் சைக்கிளுக்குப் பெயர் பெற்றது. பள்ளி விடும் நேரத்தில் தெருவை அடைத்துக்கொண்டு சைக்கிள்கள் வரும். இன்று அதே தெருக்களில் ஓரமெல்லாம் கார்கள் நிற்கின்றன. குழந்தையைச் சைக்கிளில் அனுப்பப் பெற்றோர் அஞ்சுகிறார்கள். 1973 நெருக்கடியின்போது நெதர்லாந்தும் டென்மார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் காரை ஓட்டத் தடை விதித்தன. அந்த அதிர்ச்சியிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டது, பிற்காலத்தில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை அமைக்கும் கொள்கைக்குத் துணையாயிற்று. நம்மிடம் சைக்கிள் ஏற்கெனவே இருந்தது. அதற்குரிய இடத்தைத்தான் பறித்துக்கொண்டோம்.

மின்சார வண்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதைக் கொண்டு பெட்ரோல் வண்டி 50 கிலோமீட்டர் ஓடுகிறது. அதே தூரத்தை மின்சார ஸ்கூட்டர் 2 யூனிட்டுக்குள் கடந்துவிடும். பெட்ரோல் இன்ஜின் தனக்குக் கிடைத்ததில் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியே விட்டுவிடுகிறது. மோட்டார் அப்படி விடுவதில்லை. அந்த மின்சாரம் நெய்வேலியிலிருந்துதானே வருகிறது, பேட்டரி சீனாவிலிருந்துதானே வருகிறது என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. பேட்டரி ஒருமுறை வாங்கிப் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ளும் பொருள், வாங்கிய அன்றே எரிந்துபோகும் எண்ணெய் அல்ல என்பது ஒரு பதில். நெய்வேலிக் கேள்விக்கான பதில் நம் வீட்டுக்குள் இருக்கிறது.

கூரையில் சுழலும் மின்விசிறியைப் பாருங்கள். பழைய வகை விசிறி 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. என்ற சிக்கன மோட்டார் பொருத்திய புதிய வகை 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். கடலூரின் புழுக்கத்தில் ஒரு விசிறி நாளுக்கு 15 மணி நேரம் ஓடுவது மிகச் சாதாரணம். 45 வாட் குறைந்தால் மாதத்துக்கு 20 யூனிட் மிச்சம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது என்பதால், ஒரு விசிறியை மாற்றினால் மாதம் 20 கிலோ கரி நிலத்துக்குள்ளேயே இருந்துவிடும். அதற்காக வெட்ட வேண்டிய மண்ணும் இறைக்க வேண்டிய நீரும் அப்படியே இருக்கும். அப்படி ஒரு தெரு முழுவதும் மாறினால், ஓர் ஊர் முழுவதும் மாறினால் என்று பெருக்கிப் பாருங்கள். ஒரு மின்சார ஸ்கூட்டருக்கு மாதம் முழுவதும் தேவைப்படும் மின்சாரத்தை, வீட்டில் இரண்டு விசிறிகளை மாற்றியே கொடுத்துவிடலாம். எண்ணெய்க்குப் பதிலாக நெய்வேலியில் இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும் என்ற கட்டாயம் இதனால் இல்லாமல் போகிறது. என் வாதத்தின் மையம் இதுதான்.

சிக்கனம் என்பது மக்களின் நல்ல மனத்தை மட்டும் நம்பி நடப்பதில்லை என்பதையும் இந்த விசிறிதான் காட்டுகிறது. 2001இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்து, மறு ஆண்டு எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. குளிர்பதனப் பெட்டி முதலியவற்றில் மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறி 2006இல் தொடங்கியது; கூரை விசிறிக்கு அது கட்டாயமானது 2023இல்தான். ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் ஓடும் பொருளை இத்தனை காலம் விட்டுவைத்திருந்தோம். மாறாக, 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் அரசு எல்.இ.டி. விளக்கை மொத்தமாக வாங்கி 36 கோடிக்கு மேல் விநியோகித்ததால், சில நூறு ரூபாய் விற்ற விளக்கு மளிகைக் கடையில் தொங்கும் பொருளாக மாறியது. விசிறிக்கும் அப்படி ஒன்று வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் போட்டு விசிறியை மாற்றமாட்டார். வீட்டுக்காரருக்கோ மின்கட்டணம் தன் பொறுப்பில்லை. மாதத் தவணையில் மின்கட்டணத்தோடு சேர்த்து வசூலித்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் இந்த முடிச்சு அவிழும்.

மின்சாரம் எவ்வளவு விலையுயர்ந்த பொருள் என்பதைக் கடலூர்க்காரர்கள் 2012 சனவரியில் அறிந்துகொண்டோம். தானே புயல் மின்கம்பங்களை வேரோடு சாய்த்துவிட்டுப் போன பிறகு, கிராமங்களில் பல நாள்கள் இருட்டுதான். தெருத்தெருவாக ஜெனரேட்டரை வண்டியில் வைத்து இழுத்துவந்து, மேல்நிலைத் தொட்டிக்கு ஒருமுறை நீரேற்ற இவ்வளவு, கைப்பேசிக்குச் சார்ஜ் போட இவ்வளவு என்று வாங்கினார்கள். டீசலைக் கொண்டு மின்சாரம் எடுப்பது எத்தனை செலவு பிடிக்கும் வேலை என்பது அப்போது எல்லோருக்கும் கைக்கணக்காகத் தெரிந்தது. கூரைமேல் சூரியத் தகடு வைப்பதைப் பற்றி இன்று பலரும் கேட்கிறார்கள். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மத்திய அரசு மானியமும் இருக்கிறது. எங்கள் கடற்கரையில் அதைப் பொருத்துகிறவர்கள் புயல் காற்றைத் தாங்கும் தாங்குசட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்திச் சொல்வேன். சூரியனைக் கொண்டு பெரிய அளவில் சமைக்கவும் முடியும் என்பதைப் புதுச்சேரியை ஒட்டியுள்ள ஆரோவில்லின் சமையற்கூடத்தில் பார்க்கலாம். அதன் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் வெயிலைக் குவித்து நீராவி எடுத்துத் தருவதற்காக 1990களில் கட்டப்பட்டது.

சமையல் எரிவாயுவிலும் பாதிக்கு மேல் இறக்குமதிதான். அரிசியையும் பருப்பையும் ஊறவைத்து அடுப்பேற்றுவது, கொதி வந்ததும் தீயைக் குறைப்பது, பாத்திரத்தை மூடி வைப்பது ஆகியவற்றை நம் வீட்டுப் பெரியவர்கள் விறகுக் காலத்திலேயே கடைப்பிடித்தார்கள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

எத்தனாலைப் பற்றிச் சற்றுத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை நாடு 2025இல் எட்டிவிட்டது. 1840களிலிருந்து சர்க்கரை ஆலை இயங்கிவரும் நெல்லிக்குப்பத்தைச் சுற்றிக் கரும்பு பயிரிடும் உழவர்களுக்கு இது நல்ல செய்தியாகத் தோன்றும். எத்தனால் நம் மண்ணில் விளைவது, அதற்கு டாலர் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான ஆற்றலே இருக்கிறது. கரும்போ ஓராண்டுக் காலம் நீர் குடிக்கும் பயிர். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், பாகூர் பக்கமெல்லாம் ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுக்கு ஆண்டு கீழே போய்க்கொண்டிருக்கின்றன. இருநூறு அடியில் இருந்த நீர் முந்நூறு அடிக்குப் போனால், அதை மேலே கொண்டுவரும் மின்சாரமும் ஒன்றரை மடங்காகும். பலமுறை காயில் கட்டிய மோட்டாரும், சொட்டுச்சொட்டாகக் கசியும் குழாய் இணைப்பும் அதை இன்னும் கூட்டும். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இந்த இழப்பு உழவரின் கண்ணில் படுவதில்லை. இலவசத்தை எடுக்க வேண்டாம். பழைய மோட்டாரைக் கொடுத்தால் திறன்மிக்க புதிய மோட்டாரை அரசே மாற்றித் தரலாம், சொட்டுநீர்க் குழாயையும் அதோடு சேர்த்துத் தரலாம். அந்த முதலீட்டை மின்வாரியம் சில ஆண்டுகளில் மிச்சமாகும் மின்சாரத்திலேயே திரும்பப் பெற்றுவிடும் என்று நம்புகிறேன்.

சிக்கனத்துக்கு எதிராக ஒரு பழைய வாதம் உண்டு. நீராவி இன்ஜின்கள் திறன் பெறப்பெற இங்கிலாந்தில் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடவே செய்தது என்று ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர் 1865இலேயே சுட்டிக்காட்டினார். மைலேஜ் கூடினால் கூடுதலாக ஓட்டுவோம், விளக்கு மலிவானால் கூடுதலாக எரிப்போம். இதில் உண்மை இருக்கிறது. நம் கோயில் திருவிழாக்களின் சீரியல் விளக்குகளைப் பார்த்தாலே தெரியும். இருந்தும், 75 வாட் விசிறி இடத்தில் 30 வாட் விசிறியை வைத்தவர் அதற்காக நாளுக்கு 37 மணி நேரம் அதை ஓட்டிவிட முடியாது. எல்லாத் தேவைக்கும் ஓர் எல்லை உண்டு. சாலைப் போக்குவரத்துக்குத்தான் அந்த எல்லை தானாக அமைவதில்லை. அங்கே நல்ல பொதுப் போக்குவரத்தைக் கொடுத்தால் மட்டுமே அமையும்.

அதனால்தான் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே நேரடி ரயில் பாதை வேண்டும் என்று தொடர்ந்து கேட்கிறோம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இலேயே ரயில் வந்துவிட்டது. கடலூர் முதன்மைப் பாதையில் இருக்கும் பழைய நிலையம். ஆனால் 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்த இரண்டு ஊர்களுக்கிடையே ரயிலில் போக வேண்டுமென்றால் இன்றும் விழுப்புரம் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு வரும் கிழக்குக் கடற்கரைப் பாதை பல ஆண்டுகளாகப் பேச்சிலும் காகிதத்திலும் இருக்கிறது. விழுப்புரம், கடலூர், மயிலாடுதுறை பாதை மின்மயமாகிவிட்ட நிலையில், இந்தப் பாதையும் வந்தால் ஒரு சொட்டு டீசலும் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் தினமும் வேலைக்குப் போய்வர முடியும்.

அதற்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகமும் புதுச்சேரிச் சாலைப் போக்குவரத்துக் கழகமும் உட்கார்ந்து பேசி, காலை ஏழரை முதல் ஒன்பதரை வரையிலும் மாலை ஐந்து முதல் இரவு பத்து வரையிலும் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்று ஒரே அட்டவணை போடலாம். முதலில் மின்சாரப் பேருந்துகளை இந்தத் தடத்தில் விடலாம். தூரம் குறைவு, பாதை சமதளம், இரண்டு முனையிலும் சார்ஜ் ஏற்ற பேருந்து நிலையம் இருக்கிறது. மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் அரியாங்குப்பத்திலும் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஏற நிழலான ஒரு கொட்டகை அமைத்துத் தந்தால், வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு வருவதற்கும் வண்டி வேண்டியிருக்காது. எல்லை நடுவில் இருப்பதால் இது யார் பொறுப்பு என்று இரு தரப்பும் தள்ளிவிடக்கூடும். ஆகவே கடலூர் மாவட்ட ஆட்சியருக்கும் புதுச்சேரிப் போக்குவரத்துத் துறைக்கும் ஒரே மனுவை ஒரே நாளில் கொடுப்பதென்று எங்களில் சிலர் முடிவு செய்திருக்கிறோம். இந்தத் தடத்தில் தினமும் போய்வருகிறவர்கள் அதில் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.